பிக்கை வைத்திருப்பதா, கைமாற்றுவதா? டிராஃப்டுக்கு முன் போடவேண்டிய கணக்கு

வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் அணிகள் புதிய ஆட்டக்காரரை முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட், எடுக்கும் முறை ஒவ்வொன்றும் ஒரு பிக். அதன் முதற்சுற்று நியூயோர்க்கில் இரவு 8 மணிக்குத் தொடங்கும்போது யாழ்ப்பாணத்தில் மறுநாள் அதிகாலை 5.30. ரொறன்ரோ அணியான ராப்ரர்ஸ் யாரை எடுக்கவேண்டும் என்று ரொறன்ரோ மச்சான்மார் வாட்ஸ்அப்பில் சண்டையைத் தொடங்க முதல், அணியின் கையில் இருக்கும் பிக்கின் பெறுமதியைக் கணக்குப் பாருங்கள். பெடியன் டங்க் அடிக்கும் வீடியோவைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் சம்பளம். முதற்சுற்றில் எடுபடுபவரோடு பெரிதாகப் பேரம் பேச இடமில்லை. பிக் இலக்கத்துக்கு ஏற்ற தொகை அட்டவணையில் இருக்கிறது. அதன் 120 வீதம்தான் உச்சம், அனேகமானோர் அதையே வாங்குகிறார்கள். முதல் இரண்டு வருடம் உறுதி. மூன்றாம், நான்காம் வருடங்கள் அணியின் விருப்பம். இதில் பலர் கவனிக்காத ஒன்று, மூன்றாம் வருடத்துக்கான முடிவை முதற்பருவம் முடிந்து வரும் ஒக்டோபர் 31க்குள் எடுத்துவிடவேண்டும். மெல்ல வளரும் 19 வயதுக்காரனை ஒரேயொரு பருவ ஆட்டத்தை வைத்து எடைபோட வேண்டிவரும். அதற்குப் பொறுமையில்லாத அணி அவனை எடுக்காமல் விடுவதே நல்லது.

அடுத்தது, அணியின் வயது. உங்கள் சிறந்த ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் இரண்டு வருடம்தான் மிச்சம் என்றால், மூன்றாம் வருடத்தில் தேறப்போகும் பையன் அவருக்கு உதவமாட்டான். பிக்கைக் கொடுத்து, இப்போதே ஆடக்கூடியவரை வாங்குங்கள். ஆனால் எதைக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். இந்த வருடப் பிக்கின் இலக்கம் தெரியும். நான்கு வருடம் கழித்து வரும் பிக் எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. அவசரத்துக்குச் சீட்டைக் கூறி எடுப்பவர் கழிவு கொடுப்பதைப்போல, அவசரப்படும் அணி எப்போதும் எதிர்காலப் பிக்கை மலிவாகவே விற்கிறது. புறூக்ளின் 2013இல் கெவின் கார்னெற்றையும் போல் பியர்ஸையும் வாங்க 2014, 2016, 2018 முதற்சுற்றுப் பிக்குகளையும், 2017இல் பிக்குகளை இடம் மாற்றிக்கொள்ளும் (இரண்டில் நல்லதை எடுக்கும்) உரிமையையும் பொஸ்ரனுக்குக் கொடுத்தது. பிக் மிக முன்னால் விழுந்தால் தன்னிடமே இருக்கும் என்ற பாதுகாப்பு நிபந்தனை எதுவும் இல்லை. வாங்கப்பட்ட இருவரும் கிழடாகிப் போக, 2016 பிக்கில் பொஸ்ரனுக்குப் பின்னாளில் நட்சத்திரமான ஜெய்லன் பிறவுண் கிடைத்தார்.

பாதுகாப்பு நிபந்தனையை எப்படி எழுதுவது என்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ராப்ரர்ஸின் 2024 பிக்கை எடுத்துப் பாருங்கள். 2023 பெப்ரவரியில் சான் அன்ரோனியோவிடமிருந்து யாக்கோப் பேர்ட்டிலைத் திருப்பி எடுக்க அதைக் கொடுத்தார்கள். முதல் 6க்குள் வந்தால் தங்களிடமே இருக்கும் என்பது நிபந்தனை. அந்தப் பருவம் 25 வெற்றி, 57 தோல்வி, கீழிருந்து ஆறாம் இடம். கீழே நிற்கும் அணிக்கே முன்னுள்ள பிக் என்பதால், ஆறாவதென்றால் தப்பிவிட்டோம் என்று தோன்றும். ஆனால் முதல் நான்கு இடங்களை அப்போது தீர்மானித்தது குலுக்கல். அந்த நான்கில் ஒன்று கிடைக்க 37.2 வீதம், ஆறிலேயே நிற்க 8.6 வீதம், கூட்டினால் 45.8, பாதிகூட இல்லை. பின்னால் நின்ற அற்லாண்டா முதலாம் இடத்துக்கும், புறூக்ளினின் பிக்கை வைத்திருந்த ஹூஸ்ரன் மூன்றாம் இடத்துக்கும் பாய, ராப்ரர்ஸின் பிக் 8இல் விழுந்து கைவிட்டுப் போனது. பின்னாலிருந்து பாயும் ஒவ்வோர் அணியும் உங்களை ஒரு படி கீழே தள்ளும். ஆறாம் இடம் வரக்கூடும் என்று பயந்தால் முதல் 8 அல்லது 10 வரை பாதுகாப்புக் கேளுங்கள். மற்றப் பக்கம் மறுத்தால் இரண்டாம் சுற்றுப் பிக் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது மலிவு.

சான் அன்ரோனியோ அந்த 8ஆம் பிக்கையும் வைத்திருக்கவில்லை. அதில் எடுத்த றொப் டிலிங்ஹாமை மினசோட்டாவுக்குக் கொடுத்து, 2031 முதற்சுற்றுப் பிக்கையும் 2030இல் இடம் மாற்றும் உரிமையையும் வாங்கியது. நல்ல வியாபாரம் என்பேன்.

ஆட்டக்காரரை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவதைவிட, தரம் ஒத்தவர்களை ஒரே தட்டில் வைத்துத் தட்டுகளாகப் பிரியுங்கள். ஒரே தட்டில் நான்குபேர் இருந்து உங்கள் பிக் முதலாவதென்றால், இரண்டு படி இறங்கி மேலதிகமாக ஒன்றை வாங்கலாம். பொஸ்ரன் 2017இல் முதலாம் பிக்கைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து, மூன்றாம் பிக்கோடு இன்னொரு முதற்சுற்றுப் பிக்கையும் வாங்கி, ஜேசன் ரேற்றமை எடுத்தது. 1998இல் ராப்ரர்ஸ் நான்காவதாக எடுத்த அன்ரோன் ஜேமிசனைக் கொடுத்து, ஐந்தாவதாகப் போன வின்ஸ் காட்டரையும் காசையும் கோல்டன் ஸ்ரேற்றிடமிருந்து பெற்றது. விரும்பும் ஆள் இன்னும் ஒரு படி கீழே கிடைப்பார் என்ற உறுதி இல்லாமல் இப்படி இறங்கக்கூடாது.

அமெரிக்கக் கல்லூரிப் புள்ளிவிபரத்தில் மூன்று புள்ளி எறிதலின் வீதத்தை நம்பிவிடாதீர்கள். 100 எறிதலில் 33க்கும் 38க்கும் இடையே இருப்பது வெறும் ஐந்து பந்து. தண்ட எறிதலின் வீதம் அதைவிட நல்ல சாட்சி. கல்லூரிக் கோடு 6.75 மீற்றர், நம் பாடசாலை அரங்குகளில் கீறவேண்டிய சர்வதேச அளவும் அதுதான். என்.பி.ஏ. கோடு மேற்பகுதியில் 7.24 மீற்றர். அந்த அரை மீற்றர் பின்னால் நின்று எறியும் வீடியோவைத் தேடிப் பாருங்கள்.

விதிகளில் இரண்டு போதும். அடுத்தடுத்த இரண்டு எதிர்கால வருடங்களுக்கு முதற்சுற்றுப் பிக் இல்லாமல் அணி இருக்கமுடியாது. அடுத்த வருடப் பிக் ஏற்கனவே போய்விட்டதென்றால், இந்த வருடத்தியதை இப்போது விற்கமுடியாது. ஆளை எடுத்துவிட்டு, அவரின் உரிமையைக் கைமாற்றலாம். ஒப்பந்தம் எழுத முதல் மாற்றினால், இரு பக்கச் சம்பளத்தையும் ஒப்பிடும் கணக்கில் அவர் பூச்சியம். எழுதிவிட்டால் 30 நாள் மாற்றமுடியாது.

மேடையில் பையன் போடும் தொப்பியைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். மாற்றம் பேசி முடிந்திருந்தாலும், அழைத்த அணியின் தொப்பிதான் தலையில் இருக்கும். மாற்றத்தின் பதிவு ஜூலைக்குத் தள்ளிப்போனால், செயலியில் அதுவரை பழைய அணியின் பெயரே கிடக்கும்.