‘ஹேக் பண்ணிட்டாங்க சார்’ என்று போன் வந்தால்

சைபர் செய்தி எழுத வரும் பிள்ளைகளிடம் நான் முதல் நாள் இரண்டு தாள்களை நீட்டுவேன். ஒன்று, 2019 அக்டோபர் 29 அன்று, தன் மீது சைபர் தாக்குதல் நடந்ததாகப் பரவிய செய்திக்குக் கூடங்குளம் அணுமின் நிலையம் விட்ட மறுப்பு. மற்றது, மறுநாள், அந்த நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் விட்ட அறிக்கை. “ரெண்டையும் படிச்சுட்டு, எது பொய்னு சொல்லுங்க.”

முதல் தாள் சொல்வது: தவறான தகவல் பரவுகிறது; அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, இணையத்தோடு தொடர்பில்லாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமில்லை. இரண்டாவது: மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) கண்டறியப்பட்டது உண்மை, செப்டம்பர் 4 அன்றே மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தெரிவித்துவிட்டது, நிர்வாக வேலைக்கான, இணைய இணைப்புள்ள ஒரு கணினியில்தான் அது இருந்தது.

எல்லாரும் முதல் தாளைக் காட்டுவார்கள். ஆனால் ‘தவறான தகவல்’ என்ற தொடக்கத்தைத் தள்ளிவிட்டால், மீதியில் பொய்யென்று ஒரு வரியைப் பிடிப்பது கஷ்டம். கேள்வி நிலையத்தைப் பற்றி. பதில் கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி. இந்த இடைவெளியில்தான் நம் பிழைப்பே இருக்கிறது.

ஆகவே எப்போதும் எந்த இயந்திரம், எந்த நெட்வொர்க், உங்களுக்கு எந்தத் தேதியில் தெரியும், யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். போனில் கேட்டால் “அப்படி எதுவும் இல்லீங்க” என்று முடித்துவிடுவார்கள். மெயிலில், தனித்தனி வரியாகக் கேளுங்கள். எந்த வரிக்குப் பதில் வரவில்லையோ, அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போங்கள்.

அடுத்து, கையில் வரும் கோப்பு. கூடங்குளம் விஷயம் வெளியே வந்ததே, சந்தேகக் கோப்புகளை ஏற்றிச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏறியிருந்த, டிடிராக் என்ற மால்வேரின் ஒரு மாதிரியால்தான். அந்த நெட்வொர்க்குக்குரிய விவரங்கள் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. இப்படி பாஸ்வேர்டு ஏதாவது கண்ணில் பட்டால், வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. அரசு ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அறிவித்த கணினி என்றால் 70-ஆம் பிரிவு, 10 ஆண்டு வரை. ‘செய்திக்காகத்தான் செய்தேன்’ என்று சொல்லித் தப்பிக்கலாம் என நம்பாதீர்கள்.

சோர்ஸ் கொடுத்த கோப்பை வைரஸ்டோட்டலில் ஏற்றவும் கூடாது. ஏற்றியதைக் கட்டணச் சந்தாதாரர்கள் இறக்கிக்கொள்ள முடியும். யாரிடமிருந்து கசிந்தது என்பது அதிலேயே தெரிந்துபோகலாம். கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 ஹேஷை, அந்த 64 எழுத்துச் சரத்தை மட்டும் எடுத்து அங்கே தேடுங்கள். ஏற்கெனவே யாராவது ஏற்றியிருந்தால் அதிலேயே சிக்கிவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பெயரை மறைத்திருந்தேன். கீழ் மூலையில் பொடி எழுத்தில் அவருடைய ஊழியர் எண் இருந்ததைப் பார்க்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் அவரைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் என் போனை எடுத்ததே இல்லை. இப்போதெல்லாம் படத்தைப் போடுவதில்லை. அதிலிருப்பதை நானே தட்டச்சு செய்கிறேன்.

சரி, யார் செய்தது? டிடிராக்கை, வட கொரியாவோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் லாசரஸ் ஹேக்கர் குழுவோடு இணைத்தது, அதே செப்டம்பரில் வந்த சைபர் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வு. அதற்காக ‘வட கொரியா கூடங்குளத்தைத் தாக்கியது’ என்று எழுதிவிட முடியாது. யார் சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 2021 ஜூலையில், பெகாசஸ் உளவுமென்பொருளுக்கு இலக்காகியிருக்கலாம் என்ற போன் எண்களின் பட்டியல் வந்தபோதும் இதே சிக்கல்தான். பட்டியலில் எண் இருப்பது வேறு, அந்த போனில் உளவுமென்பொருள் ஏறியது வேறு. இரண்டாவதைச் சொல்ல போனைத் தடயவியல் சோதனை செய்திருக்க வேண்டும்.

கடைசியாகத் தலைப்பு. அதைச் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கிடம் விட்டால் ‘அணு உலை ஹேக்!’ என்று ஆகிவிடும். ‘நிர்வாகக் கணினியில் மால்வேர்’ என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். நீளம் என்று வெட்டுவார்கள், வெட்டட்டும். ‘நிர்வாக’ என்பதில் கை வைத்தால் மட்டும் எழுந்துபோய் சண்டை போடுங்கள்.