பிஸ்கட் டப்பாவில் கிடந்த தடுப்பூசி அட்டை

மெல்போர்னில் நர்சிங் சேர்ந்ததும், மருத்துவமனைப் பயிற்சிக்கு முன் தடுப்பூசி விவரம் கேட்டார்கள். மைகவ் என்ற அரசு இணையதளம் வழியாக மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) கணக்கைத் திறந்தால் கோவிட் ஊசி மட்டும்தான் இருந்தது. ஆஸ்திரேலியத் தடுப்பூசிப் பதிவேட்டில் 2016 முதல் எல்லா வயதினருக்கும் இடமுண்டு. ஆனால் திருநெல்வேலியில் போட்டது தானாக அதில் ஏறுமா?

அம்மா பிஸ்கட் டப்பாவைத் துழாவி, நான்காக மடித்த அட்டையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். போலியோ, முத்தடுப்பு தேதிகள் தெளிவாகத் தெரிந்தன. தட்டம்மைக்கு நேரே எண்ணெய்க் கறை. உற்றுப் பார்த்தால் ஒன்பதாம் மாதம் ஒரே ஒரு ஊசி. நான் பிறந்தது 1994. அப்போது அரசு அட்டவணையில் எம்எம்ஆரும் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி) கிடையாது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான ஊசியும் கிடையாது.

பழைய ஊசிகளை நாமே பதிவேட்டில் ஏற்ற முடியாது. முதலில் போன கிளினிக்கில் ‘வெளிநாட்டு அட்டை செல்லாது’ என்று திருப்பி அனுப்பினார்கள். செல்லும். அடுத்த கிளினிக்கில் நர்ஸ் பத்தே நிமிடத்தில் ஏற்றிவிட்டார். அப்புறம் எம்எம்ஆர் இரண்டு ஊசி, நான்கு வார இடைவெளியில். ஹெபடைடிஸ் பி மொத்தம் மூன்று ஊசி, ஆறு மாதத்துக்குள். முடிந்ததும் ரத்தப் பரிசோதனை. ஹெபடைடிஸ் பி-க்கு எதிரான ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) அளவு 10 இருந்தால் போதும், எனக்கு 240.

அம்மா அட்டையைத் திரும்பவும் அதே டப்பாவில் வைத்திருக்கிறார்.