பழைய ஹாக்கி வீரரின் ஆட்ட வரலாற்றை எழுதி வைப்பது எப்படி?

பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கத்து ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு, காய்கறிப் பையுடன் நடந்து போகும் பெரியவர் ஒருவரைக் காட்டி "இவர் இந்தியாவுக்கு ஆடியவர்" என்று யாராவது சொன்ன நினைவு இருக்கலாம். அப்படி ஒருவரின் ஆட்ட வரலாற்றை எழுத விரும்பினால், முதல் நாளே ஆண்டுகளைக் கேட்காதீர்கள். பழைய மட்டையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பரணிலிருந்து அது இறங்கும்போதே பேச்சும் தொடங்கிவிடும்.

ஆண்டுகளை நினைவு குழப்பும். ஆட்டத்தின் தரையையும் விதியையும் அவ்வளவு எளிதில் குழப்பாது. நான் சந்தித்த ஒரு பெரியவர், தம் முதல் வெளிநாட்டுப் பயணம் 1974 என்று உறுதியாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து வேட்டியை விலக்கி, முழங்காலில் வழவழவென்றிருந்த தழும்பைக் காட்டி, "இது அங்கே செயற்கைத் தரையில் விழுந்து தேய்ந்தது தம்பி, நம்ம புல்லு இப்படிச் சுடாது" என்றார். ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியதே 1976 மாண்ட்ரியாலில்தான் என்பதால் எனக்குச் சந்தேகம் வந்தது. பழைய பாஸ்போர்ட்டின் முத்திரைகளையும் பணிப்பதிவேட்டையும் பார்த்தபோது, 1974 அவர் வேலையில் சேர்ந்த ஆண்டு என்று தெரிந்தது. ஆகவே புல்லா செயற்கைத் தரையா, ஆஃப்சைடு விதி, அதாவது தாக்கும் வீரர் பந்துக்கு முன்னால் போய் எதிரணி கோல் பக்கம் காத்து நிற்பதைக் கட்டுப்படுத்திய விதி, இருந்ததா (1990-களின் பிற்பகுதியில் அது நீக்கப்பட்டது), மட்டை முழுக்க மரமா என்று கேட்டுக் காலத்தை நெருங்குங்கள்; பின்னர் பாஸ்போர்ட், பணிப்பதிவேடு, கன்னிமாரா நூலகத்துப் பழைய நாளிதழ்கள் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள்.

"இந்தியாவுக்கு ஆடினார்" என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும். பயிற்சி முகாமுக்கு அழைக்கப்படுவது ஒன்று, அணியில் இடம்பெற்றுப் பயணம் செய்வது வேறு, களத்தில் இறங்குவது வேறு. முகாமோடு திரும்பியவரிடம் இதைக் கேட்பது சங்கடம்தான்; ஆனால் "அந்தத் தடவை உங்கள் இடத்தில் யார் ஆடினார்கள் ஐயா?" என்று கேட்டால், பெரும்பாலும் அவரே சொல்லிவிடுவார். ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) அணிக்கோ ரயில்வே அணிக்கோ ஆடிய ஆண்டுகளை அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடாதீர்கள்; வீட்டில் உலை கொதித்தது அந்த வேலையால்தான்.

வெற்றியை எழுதும்போது சூழலையும் சேர்த்து எழுதுங்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில், சென்னையில் வளர்ந்த வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் ஆடிய இந்திய அணி, இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் பெற்றது. பல நாடுகள் புறக்கணித்திருந்ததால் ஆடவர் பிரிவில் ஆறு அணிகளே ஆடின. இரண்டாவது தகவலை மறைப்பதால் தங்கத்தின் எடை கூடிவிடாது என்பது என் கருத்து.

எழுதி முடித்ததும் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டித் திருத்தம் பெறுங்கள். அணியின் பழைய புகைப்படம் இருந்தால், இடமிருந்து வலமாகப் பெயர்களை அவரையே சொல்லச் சொல்லி, படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதிக்கொள்ளுங்கள். பேனாவை அழுத்தினால் எழுத்து முன்பக்கத்து முகங்களில் தடம் பதித்துவிடும்.