இடது பக்கத்தைக் காலியாக விடுங்கள்: பிள்ளைகளுக்கு ஒரு சொந்த எழுத்து நோட்டு

எங்கள் ஊர் கம்பம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை படிக்கிறவர்கள். மூன்று வருடமாக இப்படிப் போகிறது. இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. 'மழைக்காலம்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் அத்தனை பேரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள். முன்னுரை, மழையின் பயன்கள், மழையால் வரும் சேதம், முடிவுரை. சுருளி அருவியில் தண்ணீர் கூடிப்போய்க் குளிக்க விடாமல் திருப்பி அனுப்பிய அன்று அங்கே போய் நின்றுவிட்டு வந்த பையன்கூட 'மழை உயிர்களுக்கு இன்றியமையாதது' என்றுதான் ஆரம்பித்தான். எழுதி முடித்ததும் நோட்டை மூடி என் பக்கம் தள்ளிவிடுவார்கள். எழுதியதை அவர்களே ஒரு தடவை திரும்ப வாசிப்பது என்பது கிடையாது. வாசிப்பதும் திருத்துவதும் அக்காவுடைய வேலை.

அதை மாற்றுவதற்குத்தான் ஆளுக்கொரு தனி நோட்டு கொடுத்தேன். ஒரு வருடம் ஆகிறது. முதல் மூன்று மாதம் சரியாக வரவில்லை, அதற்குக் காரணம் நான்தான். அதைக் கீழே விவரமாகவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் வீட்டில் தொடங்குகிற எல்லாரும் அங்கேதான் மாட்டுவார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் நோட்டு

80 பக்க நோட்டு, கோடு போட்டது, சின்ன அளவு. லாங் சைஸ் வேண்டாம். ஐந்து வரி எழுதினால் சின்ன நோட்டில் கால் பக்கத்துக்கு மேல் வரும், பெரிய நோட்டில் அதே ஐந்து வரி மேலே ஓரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும், பிள்ளைக்கு 'இவ்வளவுதானா எழுதினோம்' என்று ஆகிவிடும். 192 பக்க நோட்டும் வேண்டாம். ஒரு நோட்டை முழுசாக எழுதி முடித்தோம் என்ற சந்தோஷம் வருடத்துக்கு இரண்டு தடவையாவது கிடைக்க வேண்டும். பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுகிற பழுப்பு அட்டை, லேபிள் எதுவும் போடாதீர்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருவன் திராட்சைப் பெட்டிக்குள் விரிக்கிற பழைய தினத்தாளை வெட்டி ஒட்டினான், இன்னொருத்தி துணிக்கடைப் பையை அட்டையாகப் போட்டாள்.

எழுதுவதற்குப் பென்சில். பேனா வேண்டும் என்று பெரிய பிள்ளைகள் கேட்டால் கொடுக்கலாம். ரப்பர் மட்டும் வேண்டவே வேண்டாம், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அழித்துவிட்டால் முதலில் என்ன நினைத்தோம் என்பது போய்விடும், அப்புறம் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? பிடிக்காத வார்த்தை மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. கிறுக்கி மறைக்கவும் கூடாது.

வலது பக்கம் மட்டும்

நோட்டை விரித்தால் வலது கைப் பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். இடது பக்கம் காலி. 'பாதி நோட்டு வீணாகுதே' என்று பிள்ளைகளும் கேட்பார்கள், வீட்டுப் பெரியவர்களும் கேட்பார்கள். அது வீணாகாது, ஒரு வாரம் கழித்துத் தேவைப்படும் இடம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

எழுதுவது

இதை நீட்டத் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், பத்து நிமிடம். தலைப்பு கொடுக்காதீர்கள், 'இந்த வாரம் நீ பார்த்தது ஏதாவது ஒண்ணு' என்பது போதும். மேலே தேதி போடச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் முதல் நாளே பழக்குங்கள். ல வா ள வா, ர வா ற வா, ன வா ண வா என்று சந்தேகம் வந்தால் பிள்ளை நின்றுவிடும், உங்கள் முகத்தைப் பார்க்கும். நிற்க வேண்டாம், வாயில் வருகிறபடி எழுதிவிட்டு அந்த வார்த்தைக்கு அடியில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகட்டும். அப்புறம் சாவகாசமாகப் பாடப் புத்தகத்தில் தேடியோ, உங்களிடம் கேட்டோ, சரியான வடிவத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வளர்கிற இந்தப் பட்டியல் அவரவர் சொந்தப் பட்டியல். ஒரு பையனுக்கு அது முழுக்க 'ழ' வார்த்தைகள், இன்னொரு பிள்ளைக்கு ஒற்று எங்கே மிகும் என்பதுதான் எப்போதும் சந்தேகம்.

திரும்பிப் பார்ப்பது (நான் மாட்டிக்கொண்ட இடம்)

முதல் மாதம் நான் செய்தது இதுதான். அவர்கள் எழுதி முடித்ததும் நோட்டை வாங்கினேன், சிவப்புப் பேனா எடுத்தேன், பிழைகளைச் சுழித்தேன், கீழே 'நன்று' என்றோ 'இன்னும் விரிவாக எழுதவும்' என்றோ எழுதிக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். மூன்றாவது வாரம் நோட்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. எல்லாரும் தங்களுக்குத் தப்பில்லாமல் எழுத வருகிற வார்த்தைகளை மட்டும் எழுதியிருந்தார்கள். 'நான் காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். பள்ளிக்குச் சென்றேன்.' சிவப்பு மை படாத பக்கம் எப்படி எழுதுவது என்பதை மூன்றே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்கள், கற்றுக்கொடுத்தது நான்.

சரி என்று பேனாவை எடுத்து வைத்துவிட்டு, வாயால் கேட்க ஆரம்பித்தேன். 'நீ எழுதுனது உனக்குப் பிடிச்சிருக்கா?' பதில்: 'பிடிச்சிருக்குக்கா.' 'இன்னும் எப்படி நல்லா எழுதலாம்?' பதில்: 'கையெழுத்தை அழகா எழுதலாம்கா.' எட்டுப் பேரும் கையெழுத்தைத்தான் சொன்னார்கள். பாவம், எழுத்தைப் பற்றி அதுவரைக்கும் அவர்களிடம் யாரும் வேறு எதுவும் பேசியதில்லை.

இப்போது செய்வது இப்படி. எழுதிய அன்று எதுவும் கேட்பதில்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிடுகிறோம். குறைந்தது ஒரு வாரம் கழித்து, பழைய பக்கம் ஒன்றைப் பிள்ளையே திறந்து, சத்தமாக வாசிக்க வேண்டும். மனசுக்குள் வாசித்தால் போதாது, எழுத நினைத்ததைத்தான் கண் வாசிக்குமே தவிர எழுதியிருப்பதை வாசிக்காது. வாய்விட்டு வாசிக்கும்போது எங்கே தடுக்குகிறதோ, எங்கே சிரிப்பு வருகிறதோ, எங்கே குரல் இறங்குகிறதோ, அங்கே பக்க ஓரத்தில் நெளிகோடு ஒன்று போட வேண்டும். ஒரே ஒரு இடம் போதும். அப்புறம் அந்த நெளிகோட்டுக்கு நேராக இடது பக்கத்தில் எழுத வேண்டும்: அந்த இடத்தில் இன்னும் என்ன சொல்ல இருக்கிறது, அல்லது எது தப்பாக வந்துவிட்டது, அல்லது இப்போது எழுதினால் எப்படி எழுதுவேன்.

ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன், அந்தப் பிள்ளையிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் பெண். எங்கள் ஊரில் விடிவதற்கு முன்னால் ஜீப் ஜீப்பாக ஆட்கள் கம்பம்மெட்டு மலை ஏறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போவார்கள். அவள் அம்மாவும் போகிறார். வலது பக்கத்தில் மூன்று வரி எழுதியிருந்தாள்: 'எங்கம்மா காலைல ஜீப்புல ஏலத்தோட்டத்துக்குப் போகும். நான் தூங்கிட்டு இருப்பேன். பொழுது சாய வரும்.' பத்து நாள் கழித்து வாசித்தாள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். 'அக்கா, இது பொய். நான் முழிச்சுத்தான் இருப்பேன், கண்ணை மூடிக்கிட்டு இருப்பேன்' என்றாள். நான் ஒன்றுதான் கேட்டேன்: 'அப்ப என்னம்மா கேக்கும்?' நெளிகோடு போட்டுவிட்டு இடது பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். 'தூக்குவாளி மூடுற சத்தம். தெரு முனைல ஹார்ன். அம்மா எம்மேல போர்வைய இழுத்துவிடும். நான் முழிச்சிருக்கேன்னு அதுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன்.'

நான் எத்தனை தடவை 'விரிவாக எழுதவும்' என்று எழுதியிருந்தாலும் இந்த நாலு வரி வந்திருக்காது.

பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்வியாக இருக்கட்டும், அதுவும் எழுதியிருப்பதற்குள்ளிருந்து வரட்டும். 'அப்ப என்ன கேட்டுச்சு', 'அந்த நாய் அப்புறம் எங்க போச்சு', 'இந்த வார்த்தையை ஏன் அடிச்ச' போன்றவை வேலை செய்கின்றன. 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியைக் குரலில் அதட்டல் இல்லாமல் கேட்க வேண்டும், இல்லையென்றால் தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்துவிடுவார்கள். 1970களின் கடைசியில் டொனால்ட் கிரேவ்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளரும் அவருடன் இருந்தவர்களும் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளியில் இரண்டு வருடம், பிள்ளைகள் எழுதும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார்கள். எழுதுகிற பிள்ளை பேச வேண்டும், ஆசிரியர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்கள். அதைப் படித்த பிறகுதான் என் பேச்சை நான் குறைத்தேன்.

'போகும்' என்பதைத் திருத்தணுமா?

அம்மாவைப் 'போகும்' என்று எழுதலாமா, 'செல்வார்' என்று திருத்த வேண்டாமா என்று என் அண்ணன் கேட்டார். திருத்தக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. எங்கள் பக்கம் அம்மாவைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும், அந்த 'போகும்' என்ற சொல்லில் இருக்கிற நெருக்கம் 'செல்வார்' என்பதில் கிடைக்காது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை எழுதி வைத்த நாட்குறிப்பு அந்தக் காலப் பேச்சுத் தமிழில்தான் இருக்கிறது, இன்றைக்கு அது வரலாற்று ஆவணம். பள்ளிக் கட்டுரைக்கு எழுத்துத் தமிழ் வேண்டும், அது வேறு நோட்டு. பிள்ளைக்கே ஆசை வந்தால் அதே வரியை இடது பக்கத்தில் எழுத்துத் தமிழில் மாற்றி எழுதிப் பார்க்கட்டும், இரண்டையும் வாசித்து எது வேண்டும் என்று அவளே சொல்லட்டும்.

மாதக் கடைசியில்

மாதம் ஒரு தடவை முழு நோட்டையும் புரட்டி ஒரே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, வலது இடது இரண்டையும் சேர்த்துத் தனித்தாளில் புதிதாக எழுத வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை நீங்கள் சொல்லாதீர்கள். 'இதை ஏன் எடுத்த' என்பதற்கு இரண்டு வரி எழுதி அந்தத் தாளுக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள்.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 'எழுதினதையே ஏன் திரும்ப எழுதணும்' என்று கேட்டபோது, இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடம் பிடிபடாமல் இருக்க நெதர்லாந்தில் குடும்பத்தோடு ஒளிந்திருந்த யூதப் பெண் ஆன் ஃபிராங்க் பற்றிச் சொன்னேன். 1942இல் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் எழுதத் தொடங்கிய அந்தப் பெண், 1944 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த ரேடியோ உரையைக் கேட்டாள். போர்க்கால நாட்குறிப்புகளும் கடிதங்களும் பிற்பாடு தேவைப்படும் என்று ஒரு டச்சு அமைச்சர் அதில் சொன்னார். அந்த மே மாதமே தன் பழைய பக்கங்களை எடுத்து, சிலவற்றை வெட்டி, சிலவற்றைச் சேர்த்து, தனித்தாள்களில் திரும்ப எழுத ஆரம்பித்துவிட்டாள். ஒளிந்திருந்த வீட்டுக்குள் உட்கார்ந்து, பதினாலு வயதில். சொல்லி முடித்ததும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பின்னால் சேர்த்தது

இதை முதலில் எழுதிய பிறகு சிலர் கேட்டவற்றை வைத்துச் சேர்க்கிறேன்.

'என் மகள் நோட்டைக் காட்டவே மாட்டேன் என்கிறாள்' என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். எங்களிடம் ஒரு விதி இருக்கிறது: பக்கத்தை மடித்து வைத்தால் அதை யாரும் திறக்கக் கூடாது, நானும் திறக்க மாட்டேன். அவள் தூங்கின பிறகு எடுத்து வாசிக்காதீர்கள், ஒரு தடவை தெரிந்துவிட்டால் அந்த நோட்டு அன்றோடு முடிந்தது. ஆனால் கூடவே இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: உன்னை யாராவது அடிக்கிறார்கள், தொந்தரவு செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன், உதவி கேட்பேன். குழந்தைகள் உதவி எண் 1098, கட்டணம் கிடையாது. எங்கள் முன்னறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஒரு ஆசிரியை, தன் வகுப்பில் நாற்பது பேர், எட்டுப் பேருக்குச் செய்கிறபடி எப்படிச் செய்வது என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஐந்து நோட்டு என்று பிரித்தால் எட்டு வேலை நாளில் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம். மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டட்டும். கேட்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு வேலை, தனக்கு இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிற ஒன்றைக் கேட்பது. 'இங்க தப்பு இருக்கு' என்று சொல்ல அனுமதி இல்லை.

இரண்டாம் வகுப்புப் பையனுக்கு எழுத வேகம் இல்லை, ஆனால் பேச்சு நிற்காது என்று இன்னொருவர். அவன் படம் வரையட்டும், அவன் சொல்வதை அடியில் நீங்கள் எழுதிக் கொடுங்கள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றாதீர்கள். 'மாடு மூஞ்சிய ஆட்டுச்சு' என்றால் அதையே எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து விரல் வைத்து அதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள், 'இல்ல, காதைத்தான் ஆட்டுச்சு' என்பான். அப்போது பென்சிலை அவன் கையில் கொடுத்துவிடுங்கள், 'மூஞ்சிய' மேல் கோடு போடுவது அவன் வேலை.