1982-இன் கடைசி நான்கு வினாடிகள்: பழைய நடுவர் தீர்ப்பு ஒன்றை எடைபோடும் முறை

பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் 1892 முதல் அமெரிக்கக் கால்பந்தில் மோதி வருகின்றன. 'பிக் கேம்' என்று அழைக்கப்படும் இந்த ஆட்டத்தின் வாரம் நெருங்கும்போது, இவ்விரண்டில் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த மாணவரும், அவரைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோரும்கூட, 1982 நவம்பர் 20 அன்று நடந்த ஆட்டத்தைப் பற்றிய வாக்குவாதத்தில் சிக்கிக்கொள்ள நேரிடும். கடைசி நான்கு வினாடியில் பெர்க்லி எடுத்த வெற்றிப் புள்ளியை நடுவர்கள் ஏற்றது சரிதானா என்பதே அந்த வாக்குவாதம். எந்தப் பக்கம் பேசினாலும் கேட்பவர் மதிக்கும்படி பேச வேண்டுமானால், காணொளியை ஓடவிட்டு முதல் பார்வையிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாமல், கீழ்க்கண்ட வரிசையில் போவது நல்லது.

முதலில், சர்ச்சைக்கு முந்தைய நிமிடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பெர்க்லி மெமோரியல் ஸ்டேடியத்தில் நடந்த அந்த ஆட்டத்தில், ஸ்டான்ஃபோர்டு 17-19 என்று பின்தங்கியிருந்தபோது, பந்தை வீசி அதன் ஆட்டத்தை நடத்திய ஜான் எல்வே, கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் 17 கெஜம் தேவைப்பட்ட நிலையில் 29 கெஜ வீச்சு ஒன்றை நிறைவேற்றி அணியை உயிரோடு வைத்தார். பிறகு கடிகாரத்தில் 8 வினாடி இருந்தபோது ஸ்டான்ஃபோர்டு, கடிகாரத்தை நிறுத்தும் டைம்-அவுட் கேட்டது. மார்க் ஹார்மன் உதைத்த ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துப் பெறும் மூன்று புள்ளி) 20-19 என்ற முன்னிலையைத் தந்தது. 4 வினாடி மிச்சம் இருந்தது. ஆனந்தக் கூத்தாடியதற்காக 15 கெஜத் தண்டனை விதிக்கப்பட்டதால், கிக்-ஆஃப் (புள்ளி எடுத்த அணி பந்தை எதிரணிக்கு உதைத்துத் தருவது) வழக்கமான இடத்திலிருந்து அல்லாமல் ஸ்டான்ஃபோர்டின் 25 கெஜக் கோட்டிலிருந்து உதைக்கப்பட்டது. டைம்-அவுட்டை இன்னும் சில வினாடி தள்ளிக் கேட்டிருந்தால் கிக்-ஆஃபுக்கே நேரம் இருந்திராது என்பதை ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. நடுவர்மீது வைக்கும் குறையையும், தம் அணியின் மீதுள்ள வருத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பாதி வாக்குவாதம் அங்கேயே அடங்கிவிடும்.

அடுத்து, பந்து யார் யாரிடம் போனது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெர்க்லி வீரர் கெவின் மோயன் பந்தை எடுத்துத் தம் அணியின் ரிச்சர்ட் ரோஜர்ஸிடம் வீசுகிறார். ரோஜர்ஸ் டுவைட் கார்னரிடம். ஸ்டான்ஃபோர்டு வீரர்கள் சூழ்ந்துகொண்ட கார்னர் மீண்டும் ரோஜர்ஸிடம். ரோஜர்ஸ் மேரியட் ஃபோர்டிடம். ஃபோர்டு, தடுக்க வந்தவர்கள்மீது விழுந்தவாறே தோளுக்கு மேலாகப் பின்னால் வீச, அது மறுபடி மோயனிடம் வருகிறது. மொத்தம் ஐந்து வீச்சுகள். ஆட்டம் முடிந்துவிட்டதென்று நினைத்து மைதானத்திற்குள் வந்துவிட்ட ஸ்டான்ஃபோர்டு பேண்டு வாத்தியக் குழுவுக்குள் புகுந்து ஓடிய மோயன், கோல் பகுதியில் டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்த கேரி டிரெல்மீது மோதி டச்டவுனை (பந்தோடு எதிரணியின் கோல் பகுதிக்குள் நுழைந்து பெறும் புள்ளிகளை) முடிக்கிறார். ஆட்டம் 25-20 என்று பெர்க்லிக்குப் போகிறது. இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் பேசுபவர்கள் மூன்றாவது வீச்சையும் ஐந்தாவது வீச்சையும் குழப்பிக்கொள்வதைப் பலமுறை பார்க்கலாம். உண்மையான கேள்விகள் இந்த இரண்டில்தான் இருக்கின்றன.

மூன்றாவது வீச்சில் கேள்வி கார்னரின் முழங்காலைப் பற்றியது. கல்லூரி விதியின்படி, பந்தை வைத்திருப்பவரின் கையும் பாதமும் தவிர வேறு எந்த உறுப்பு தரையைத் தொட்டாலும் ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும். தொழில்முறை ஆட்டத்தைப் போல எதிராளி தொட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை. ஆகவே நீங்கள் தேட வேண்டியது, பந்து கையை விட்டுப் போகும் முன் முழங்கால் தரையில் பட்டதா என்பது மட்டும்தான். 'அவர் பிடிபட்டுவிட்டார்', 'அவரால் மேலே போக முடியவில்லை' என்ற வாதங்கள், நடுவர் ஆட்டத்தை நிறுத்தாதவரை பயனற்றவை. காணொளியை எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும், ஸ்டான்ஃபோர்டு வீரர்களின் உடல்கள் மறைப்பதால் அந்த முழங்கால் தெளிவாகத் தெரிவதில்லை. தெரியாத ஒன்றை வைத்துக் களத்தில் நின்றவரின் தீர்ப்பை மாற்றுவது நியாயமாகாது என்பதே என் கருத்து. இதில் பெர்க்லிக்குச் சாதகமாக விட்டுவிடலாம்.

ஐந்தாவது வீச்சு அவ்வளவு எளிதில் விடுகிறதில்லை. பந்து கையை விட்ட இடத்தையும் அடுத்தவர் தொட்ட இடத்தையும் தரையிலுள்ள கெஜக் கோடுகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது இடம் எதிரணியின் கோல் பக்கம் தள்ளி இருந்தால் அது முன்வீச்சு, அதாவது இந்த இடத்தில் விதிமீறல். ஓடிவரும் வேகத்தில் வீசியதால் பந்து தானாக முன்னே போனது என்ற சமாதானத்தை அமெரிக்கக் கால்பந்து விதி ஏற்பதில்லை. வீசியவரின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதும் கணக்கில் வராது. பின்னோக்கி எறிந்ததுபோல் தோன்றும் பந்தும் முன்னே போயிருக்க முடியும். அதோடு, கேமரா மைதானத்தின் பக்கவாட்டில் உயரத்தில் நின்று சாய்வாகப் பார்க்கும்போது, கோடுகளும் வீரர்களும் ஒன்றோடொன்று இடம் மாறித் தெரியும். எனவே வீரரின் தலையையோ தோளையோ வைத்து அளக்காமல், அவர் பாதத்துக்கு நேர்கீழே உள்ள கோட்டைத் துணைகொள்ளுங்கள். அப்படியும் மனம் உறுதிப்படவில்லை என்றால், 'ஐயம் உண்டு' என்று சொல்லி நிறுத்துவதில் இழுக்கில்லை. அந்த நாளின் தீர்ப்பில் ஏதேனும் பிழை இருக்குமானால் அது இந்த வீச்சில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்டான்ஃபோர்டுக்காக வாதாடுபவர்கள் முழங்காலை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பேண்டுக் குழுவைப் பற்றிய வாதத்தில் நேரம் செலவிட வேண்டாம். நுழைந்தவர்கள் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள். தம் தரப்பு செய்த குற்றத்தைக் காட்டித் தமக்கே வெற்றி கேட்க எந்த விதியிலும் இடமில்லை. தலைமை நடுவர் சார்ல்ஸ் மாஃபெட் தம் குழுவினரைக் கூட்டி ஒவ்வொருவரையும் விசாரித்த பிறகே டச்டவுனை அறிவித்தார்.

இங்கே காலத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். காணொளியைப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்தும் முறை கல்லூரிக் கால்பந்தில் 2004-இல்தான் பிக் டென் என்ற பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பில் சோதனையாகத் தொடங்கியது. மறுக்க முடியாத காட்சி இருந்தால் மட்டுமே களத்துத் தீர்ப்பு மாறும் என்பது அதன் அளவுகோல். 1982-இல் நடுவர்களிடம் கண்ணும் விசிலும் மட்டுமே இருந்தன. இன்றைய வசதியை வைத்து அவர்களைக் குற்றவாளிகளாக்குவதைவிட, இன்றைய அளவுகோலையே வைத்தாலும் இந்தத் தீர்ப்பு மாறியிருக்குமா என்று கேட்பது பொருத்தமான கேள்வி. முழங்காலில் மாறியிராது, கடைசி வீச்சில் மாறியிருக்கலாம், உறுதியில்லை.

கண்ணுக்கு எட்டாத பிழையையும் எண்ணத் தவறிய பிழையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 1990 அக்டோபர் 6 அன்று மிசௌரி பல்கலைக்கழகத்துக்கு எதிராகக் கொலராடோ பல்கலைக்கழகம் 33-31 என்று வென்றபோது, நான்கு முயற்சிகளுக்கு மட்டுமே உரிமையிருக்க, நடுவர்களின் கவனக்குறைவால் ஐந்தாவது முயற்சியும் கிடைத்து, அதில்தான் டச்டவுன் வந்தது. அங்கே கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. ஆயினும் முடிவு மாற்றப்படவில்லை. 1940-இல் டார்ட்மத்துக்கு எதிராக இதேபோல் ஐந்தாவது முயற்சியில் புள்ளி எடுத்து 7-3 என்று வென்ற கார்னெல், படச்சுருளைப் பார்த்துப் பிழை உறுதியான பிறகு வெற்றியைத் தானே விட்டுக்கொடுத்தது. அது 3-0 என்று டார்ட்மத் கணக்கில் ஏறியது. ஸ்டான்ஃபோர்டு நண்பர் கார்னெலை உதாரணம் காட்டினால், அது எண்ணிக்கைப் பிழை, இது பார்வைத் தீர்ப்பு என்ற வேறுபாட்டைப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம்.

தீர்ப்பை விட்டு மனக்கசப்பைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், இரு தரப்பும் கைமாற்றிக்கொள்ளும் கோடரியின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1899-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பேஸ்பால் ஆட்டத்திற்குப் பிறகு அந்தக் கோடரியைப் பெர்க்லி மாணவர்கள் பறித்துச் சென்றார்கள். 1930-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் புகைப்படக்காரர்களாக வேடமிட்டு மீட்டார்கள். 1933 முதல் அது ஆட்டத்தில் வென்றவருக்கான பரிசாயிற்று. 1982 ஆட்டம் முடிந்த சில நாட்களில், வெற்றி ஸ்டான்ஃபோர்டுக்கே மாற்றித் தரப்பட்டதாக அறிவித்து, பெர்க்லியின் மாணவர் நாளிதழைப் போலவே ஒரு போலி இதழை ஸ்டான்ஃபோர்டு மாணவர் இதழினர் அச்சிட்டுப் பெர்க்லி வளாகத்தில் பரப்பியதும் இந்தக் குறும்பு மரபின் தொடர்ச்சிதான்.

கோடரி பதிக்கப்பட்ட பலகையில் ஒவ்வோர் ஆண்டின் முடிவும் எழுதப்பட்டிருக்கும். அதில் 1982-க்கு நேரே உள்ள எண்ணை ஆதாரமாகக் காட்டி வாதாட முயலாதீர்கள்: கோடரி ஸ்டான்ஃபோர்டிடம் இருக்கும்போது அது 20-19 என்றும், பெர்க்லியிடம் இருக்கும்போது 25-20 என்றும் மாற்றி வைக்கப்படுகிறது.