கேஜ் விடும் முன்பே மரையைக் கணிப்பது

அம்பத்தூரிலும் கிண்டியிலும் நூறு பீஸ் டேப் அடித்து (துளைக்குள் மரை வெட்டி) முடித்த பிறகு அளவு பார்க்கும் கேஜை எடுத்து, அப்புறம் தலையில் கை வைக்கிற பட்டறைகள் இன்னும் உண்டு. மரை கெடப்போவது அதற்கு முன்பே துளையிலும், வெட்டும்போது வரும் உலோகச் சீவலிலும், ஸ்பிண்டில் லோடிலும் (டேப்பைச் சுழற்ற மெஷின் எடுக்கும் சுமை) தெரியும். மைல்டு ஸ்டீலில் எம்8 (8 மி.மீ. விட்டம்), 1.25 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) மரையை எடுத்துக்கொள்வோம்.

இதற்கு 6.8 ட்ரில். 6ஹெச் என்ற டாலரன்ஸில் (அனுமதித்த அளவு வித்தியாசம்) உள்விட்டம் 6.647 முதல் 6.912 மி.மீ. வரை இருக்கலாம். கையால் தீட்டி இரண்டு வெட்டு உதடும் சமமில்லாமல் போன ட்ரில், 6.8 என்ற பெயரில் 7 மி.மீ. துளை போடும். மரை உயரம், முழு மரையின் 74 சதவீதத்திலிருந்து 62க்கு இறங்கிவிடும். மரை கேஜ் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அது பார்ப்பது பிட்ச் விட்டத்தை (மரைச் சரிவின் நடுவில் எடுக்கும் விட்டம்). கேஜின் கோ முனை (உள்ளே போக வேண்டியது) நன்றாகப் போகும், நோ-கோ முனை (போகக் கூடாதது) நிற்கும், போல்ட்டை இறுக்கும்போது மரை உரிந்து வரும். எனவே டேப் அடிக்கும் முன் துளைக்கு மரையில்லாத பிளக் கேஜ் விடுங்கள். முதல் ஐந்து துளைக்கும், ட்ரில் தீட்டிய ஒவ்வொரு முறையும் இது கட்டாயம். 6.5 துளையும் வேண்டாம். 92 சதவீத மரைக்கு டேப் திணறி உடையும்.

அடுத்தது லோடு. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டேப்புக்கு 400 ஆர்பிஎம், ஃபீட் (டேப் முன்னேறும் வேகம்) நிமிடத்துக்கு 500 மி.மீ. (400 × 1.25). புது டேப்பில் முதல் 20 துளைகளின் ஸ்பிண்டில் லோடைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 25 துளைக்கு ஒருமுறை லோடையும் கோ கேஜ் போகும் விதத்தையும் எழுதுங்கள். கோ இறுக ஆரம்பிக்கும் இடத்து லோடுதான் அந்த டேப்பின் எல்லை. இப்படி மூன்று டேப்புக்குப் பார்த்து, மூன்றில் குறைந்ததை எடுத்து, அதற்குச் சற்று முன்பே டேப்பை மாற்றுங்கள். மெட்டீரியல் மாறினால் பழைய எண் செல்லாது.

லோடு காட்டுவது பெரும்பாலும் தேய்மானத்தைத்தான். தேய்ந்த டேப் மரையைச் சிறிதாக்கும். மரை பெரிதாகி நோ-கோ இரண்டு சுற்றுக்கு மேல் போகிற கேஸில் லோடு ஏறாமலே இருக்கலாம். டேப் ஆட்டம், துளை மையம் விலகுதல், ஃபீட் பிட்சோடு ஒத்துப்போகாதது, வெட்டுமுனையில் உலோகம் ஒட்டுவது என்று காரணம் பல. டேப்பின் ஷேங்கில் (மரை இல்லாத தண்டில்) டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை 0.03 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். வாய்ப் பக்கம் மட்டும் லூசாக இருந்து உள்ளே போனால் பிடிக்கிறதா? டேப் நுழையும்போது சாய்கிறது. மரையின் ஒரு பக்கச் சரிவு மட்டும் கிழிந்திருந்தால் ஃபீடைச் சந்தேகியுங்கள். டார்ச்சும் பத்து மடங்கு லென்ஸும் போதும். லோடு திடீரென்று குறைந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், துளை பெரிதாகியிருக்கலாம்.

சீவல் பளபளப்பாகச் சுருண்டு வந்தால் நல்லது. நொறுங்கியோ நிறம் மாறியோ வந்தால் நிறுத்துங்கள். டேப் திரும்பி வரும்போது லோடு ஏறினால் சீவல் டேப்பின் பள்ளத்தில் அடைபட்டிருக்கிறது. அடி மூடிய துளைக்கு ஸ்பைரல் ஃப்ளூட் டேப் (சீவலை மேலே இழுப்பது), ஊடுருவும் துளைக்கு கன் டேப் (சீவலை முன்னே தள்ளுவது).

கூலன்ட்டை (வெட்டும் இடத்தில் ஊற்றும் எண்ணெய்-தண்ணீர்க் கலவை) பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. சென்னையில் உப்பேறிய போர் தண்ணீரில் கலந்தால் எண்ணெய் பிரிந்து மேலே ஆடை கட்டும், மரை கிழியும். மே மாத வெயிலில் தண்ணீர் ஆவியாகும். குறைந்ததை அதே போர் தண்ணீரால் நிரப்ப நிரப்ப உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஆர்ஓ தண்ணீரில் கலந்து, ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் அடர்வைக் காட்டும் கருவி) 8 முதல் 10 சதவீதம் இருக்கிறதா என்று காலையில் பாருங்கள். கருவி காட்டும் எண்ணை கூலன்ட் கேனில் போட்டிருக்கும் காரணியால் பெருக்கினால்தான் சரியான சதவீதம்.