முடக்கக் காலத்தில் மனம் தளராமல் வீட்டில் இருக்க

2021 ஜூன் 1-இல் மலேசியாவில் கோவிட் தொற்றுக்காக முழு முடக்கம் தொடங்கியபோது, பேராக் மாநிலத்தில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே கேள்விதான்: இது எப்போது முடியும்? அப்படி ஒரு முடக்கம் வந்தால் முதலில் அந்தக் கேள்வியை விடுங்கள். அதற்கு முந்திய வருஷம், 2020 மார்ச் 18-இல், முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இரண்டு வாரம் என்றார்கள், அப்புறம் நீட்டினார்கள், திரும்பவும் நீட்டினார்கள். தேதியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான் ஒவ்வொரு தடவையும் நொந்துபோனார்கள். கைக்கு ஒரு வேலையும் பேச்சுக்கு ஓர் ஆளும் இருக்கிற வீட்டில் நம்பிக்கை தங்கும், இது நான் அக்கம்பக்கத்தில் கண்ணால் பார்த்தது.

தொற்று எண்ணிக்கையை நாளைக்கு ஒரு தடவை பாருங்கள், போதும். சுகாதார அமைச்சு சொல்வதுதான் கணக்கு. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) காலையிலிருந்து வந்து விழும் குரல் பதிவுகளில் பாதி யார் பேசியது என்றே தெரியாது, அதைக் கேட்டுவிட்டுத் தடுப்பூசிக்குப் பயந்து கிடக்கும் தாத்தா பாட்டிகள் எத்தனை பேர்! அவர்கள் போனில் வருவதை நீங்களும் ஒரு பார்வை பார்த்து, எது பொய் என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள்.

அப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டு வேலை நிற்கவில்லை, ஆகவே வேலைக்குப் போனவர்களுக்குப் பொழுது எப்படியோ போய்விட்டது. வீட்டில் அடைபட்ட பிள்ளைகளுக்கும் வயசானவர்களுக்கும்தான் காலையும் மாலையும் ஒன்றாகத் தெரிந்தது. வழக்கமான நேரத்தில் எழுந்து குளித்துப் பசியாறிவிட்டுத்தான் மற்றது என்று வையுங்கள். மூன்று பிள்ளைக்கு ஒரு போன் இருக்கும் வீட்டில் யாருக்கு எப்போது வகுப்பு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை குறையும். மற்றவர்களுக்கு 2021-இல் தொலைக்காட்சியில் டிடிக் டிவி என்ற கல்வி ஒளிபரப்பு ஓடியது, அப்படி ஒன்று இருந்தால் போடலாம்.

சாயங்காலத்துக்குப் பல்லாங்குழி. பலகை இல்லையா, ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்கு 14 எடுத்துக் கழுவி, எதிரும் புதிருமாக ஏழேழு வையுங்கள். போன பருவத்தில் பிள்ளைகள் பொறுக்கி வைத்த பால்மரக் கொட்டை (ரப்பர் கொட்டை) எந்த வீட்டு மூலையிலாவது கிடக்கும், இல்லாவிட்டால் புளியங்கொட்டை. மங்குக்கு ஐந்து, மொத்தம் 70. உங்கள் பக்கத்து மங்கு ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த மங்கில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கையில் உள்ளது தீர்ந்ததும் அதற்கு அடுத்த மங்கை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், அத்தோடு எதிராளியின் முறை. நடுவில் எந்த மங்கிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு, மங்குக்காரர் உடனே எடுத்துக்கொள்வார். வீட்டுக்கு வீடு விதி கொஞ்சம் மாறும், பாட்டி சொல்வதே சட்டம் என்று விட்டுவிடுங்கள், அவருக்கும் அன்றைக்கு ஒரு பதவி கிடைத்த மாதிரி இருக்கும். பால்மரக் கொட்டை பச்சையாகத் தின்றால் விஷம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் தொடையில் வைப்பது நடந்தே தீரும், கொஞ்சம் அதட்டினால் போதும்.

முடக்க நாட்களில் செய்யக்கூடியதிலேயே பெரிய காரியம் என்று நான் நினைப்பது வயசானவர்கள் பேசுவதைப் பதிவு செய்வது. மின்விசிறியை நிறுத்துங்கள், அந்த இரைச்சல் குரலை விழுங்கிவிடும். போனை மைலோ டின் மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சின்னச் சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். “உங்க கதைய சொல்லுங்க தாத்தா” என்றால் “என்னத்த சொல்றது” என்பதோடு முடிந்துவிடும். பிரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், ஆயக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தார்கள், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பக்கத்து வீட்டில் யார் இருந்தது என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும். 90-ஐத் தொட்டவர்கள் இருந்தால் ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக்கிழங்கையும், ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களையும் பற்றிக் கேளுங்கள். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம்ம ஊர்க்காரர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) சேர்த்தாரே, அதில் உங்கள் வீட்டில் யார் பங்கு போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பெட்டிக்குள்ளிருந்து பழைய காகிதமே வெளியே வரலாம். ஐந்தைந்து நிமிடமாக வெட்டிக் குடும்பக் குழுவில் போடுங்கள். மாநிலம் தாண்டி வர முடியாமல் ஜொகூரிலும் பினாங்கிலும் கிடக்கும் பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

தோட்டம் போட இடமில்லை என்பவர்களுக்குக் கங்கோங் கீரை போதும். சமைக்கும்போது கணுவோடு கூடிய அடித்தண்டை வீசிவிடாமல் தண்ணீரில் போட்டால் சில நாளில் வேர் விடும். வெட்டிய எண்ணெய்ப் போத்தலில் அடியில் ஓட்டை போட்டு மண் நிரப்பி நடுங்கள். ஒரு மாதத்துக்குள் அறுக்கலாம், இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும்.

இதெல்லாம் சரி, அரிசி இல்லாத வீட்டில் பல்லாங்குழிப் பேச்சு எடுபடாது. அப்படி நிலைமை என்றால் உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாக வாசலில் வெள்ளைக் கொடி கட்டுங்கள், 2021-இல் நாடு முழுக்கக் கட்டினார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. கொடி கட்ட மனம் வராவிட்டாலும், வீட்டுக்குள் அடி உதை என்றாலும், மனசு தாங்கவில்லை என்றாலும் 15999-க்கு அழையுங்கள், அது தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். கொடியைப் பார்க்கிறவர்கள் படம் பிடித்துப் போடாதீர்கள். வெளியே நின்று குரல் கொடுத்து என்ன வேண்டும் என்று கேளுங்கள், பால் மாவு என்றால் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்றும் கேட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.